மலைப்பாதை வண்டியும் ரயரின் அளவும்

கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறிவரும் பாதையில் வண்டி செலுத்துவோர் எவரும் எரிபொருளை அலட்சியமாக எண்ணார். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் காத்து நின்றதும், அவ்வாண்டு ஜூலை மாதத்தில் கியூ.ஆர். முறைப்படி வாராந்தப் பங்கு விதிக்கப்பட்டதும் யாவருக்கும் நினைவிருக்கும். கொழுந்தும் உரமும் ஏற்றுவதற்கென நான்கு சில்லுகளாலும் இழுக்கும் வண்டியை வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர் அடிக்கடி கேட்பது ஒன்றுண்டு: பெரிய ரயர் பூட்டினால் டீசல் மீதப்படுமா, வீணாகுமா?

வீணாகும் என்போரிற் பலர் தூரத்தைத் தவறாக அளந்தவர்கள். ஆகவே முதலில் அளவைப் பார்ப்போம். 205/80 ஆர்16 என்று ரயரில் எழுதியிருந்தால், அதன் அகலம் 205 மில்லிமீற்றர்; பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு, அதாவது 164 மில்லிமீற்றர்; உள்ளிருக்கும் இரும்புச் சில்லின் விட்டம் 16 அங்குலம். மேலும் கீழுமாக இரு பக்கச்சுவர்களையும் கூட்டினால் முழு விட்டம் 734 மில்லிமீற்றர் ஆகும். இவ்வாறே 235/85 ஆர்16 ரயரின் விட்டம் 806 மில்லிமீற்றர். சிறியது ஒரு கிலோமீற்றர் செல்ல ஏறத்தாழ 434 தடவை சுழலும். பெரியதற்கு 395 சுற்றுப் போதும்.

வண்டியின் தூரமானி பாதையை அளப்பதில்லை; சுழற்சியையே எண்ணுகிறது. எனவே பெரிய ரயரைப் பூட்டியபின் மானி 100 கிலோமீற்றர் என்று காட்டும்போது வண்டி உண்மையில் 110 கிலோமீற்றர் அளவு ஓடியிருக்கும். முன்பு 100 கிலோமீற்றருக்கு 12 லீற்றர் குடித்த வண்டி, இப்பொழுது மானிப்படி 12.8 லீற்றர் குடிப்பதாகத் தோன்றினால், உடையவர் நட்டமென்று வருந்துவார். உண்மையான தூரத்துக்குக் கணக்கிட்டால் அது 11.7 லீற்றரே. ஐயமிருப்பின், அவிசாவளை–ஹற்றன் பெருந்தெருவின் கிலோமீற்றர்க் கற்களை மானியோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

அடுத்து கியர். பெரிய ரயர் என்பது எல்லாக் கியர்களையும் பத்திலொரு பங்கு உயர்த்தியதற்குச் சமமானது. பழைய சீரீஸ் லாண்ட் றோவரின் அச்சுப் பல்விகிதம் 4.7க்கு 1 ஆகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் சிறிய ரயரோடு அதன் உந்துதண்டு நிமிடத்துக்கு 2,040 தடவை சுழலும்; பெரிய ரயரோடு 1,856 தடவை. எஞ்சின் மெதுவாகச் சுழலுவதால் உராய்விற் போகும் சக்தி குறைகிறது. இதனினும் பெரிய மாற்றத்தை விரும்புவோர், பிற்கால வண்டிகளின் 3.54 விகிதப் பற்கூட்டைப் பொருத்துவதுண்டு. அப்போது சிறிய ரயரோடும் சுழற்சி 1,536 ஆக இறங்கும். இதனைச் செய்வதாயின் முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும் செய்தல் வேண்டும். பின்னச்சை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சில்லு இயக்கத்தைப் பூட்டினால் பற்களோ தண்டோ முறியும்.

இந்த இலாபமெல்லாம் அவிசாவளைக்குக் கீழே சமதரையிற் கிடைப்பதாகும். வட்டவளைப் பக்கத்து ஏற்றத்தில் நிலைமை வேறு. உயர்ந்த கியரில் எஞ்சின் இழுக்கும் வேகத்தை இழக்கிறது. முன்பு மூன்றாம் கியரில் ஏறிய வளைவுக்கு இரண்டாம் கியர் வேண்டியதாகிறது. மீதப்பட்ட டீசல் அங்கேயே செலவாகும். சேற்றுக்குரிய தடித்த பல்லுள்ள ரயராயின் அதன் பாரமும் உருளும்போது உண்டாகும் தடையும் வேறு சேரும்.

உயரம் ஏறுவதற்கான செலவை எந்த ரயரும் எந்தக் கியரும் குறைக்கமாட்டா. 2 தொன் பாரத்தை 500 மீற்றர் உயர்த்துவதற்கு 10 மெகாயூலுக்குச் சற்றுக் குறைந்த சக்தி வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாயூல் உண்டு; அதில் மூன்றிலொரு பங்கு சில்லுக்கு வந்தாலே பெரிது. ஆகவே ஏற்றத்துக்கு மட்டும் 0.8 லீற்றர் போகும். வீணே 500 கிலோகிராம் கூடுதலாக ஏற்றினால் இன்னும் 0.2 லீற்றர். வண்டியின் பின்னே கிடக்கும் பழைய இரும்பை இறக்கிவைத்தல் ரயர் மாற்றுவதிலும் மலிவானது!

இறக்கத்தைப் பற்றியே எமக்கு மிகுந்த கவலை. ரயர் பெரிதானால் இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலுவும் பத்திலொரு பங்கு குறையும். அக்குறைவு பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமற் போகலாம். ஆதலால் பெரிய ரயர் பூட்டியவர் முன்னிலும் ஒரு கியர் குறைத்தே இறங்குதல் வேண்டும். டீசலை மீதப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் உருட்டுவது வீண். கியரில் இருக்கையில் மிதியை விட்டால் எஞ்சினுக்குச் செல்லும் டீசல் அநேகமாக நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்க டீசல் செலவாகிக்கொண்டேயிருக்கும்.

தார்ப்பாதையில் முன்சில்லு இயக்கத்தைக் கழற்றிவிடுக. நடுவே டிபரென்ஷல் உள்ள வண்டியாயின் அதன் பூட்டைத் திறந்து வைத்திடுக. நான்கு ரயர்களும் ஒரே அளவும் ஒத்த தேய்வும் உடையனவாதல் அவசியம். காற்றை வாரமொருமுறை, ரயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையிற் பார்க்க.

தோட்டத்துக்கும் கொழுந்துச் சாவடிக்குமிடையே ஏறியிறங்கும் வண்டிக்கு, அதைச் செய்தோர் விதித்த அளவே தகும். கொழும்புக்கு வாராவாரம் போய்வருவோர் பெரிய அளவை எண்ணிப்பார்க்கலாம். ஆனால் அது அவ்வண்டிக்கு ஏற்றதா, முன்சில்லு முழுதாகத் திரும்பும்போது எங்கும் உரசாதா என்பதை முதலிற் கண்டறிக. மாற்றுவதற்கு முன் மூன்று தடவையும் மாற்றியபின் மூன்று தடவையும், ஒரே பாதையில், ஒரே பாரத்துடன் ஓடித் தாங்கியை விளிம்புவரை நிரப்பி, லீற்றரையும் திருத்திய தூரத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து வைக்கவும்.