ஓடுபாதையில் குழந்தைகள்

நம் ஊரில் ஒரு சிறு குழந்தையை வளர்க்கும் காரியத்தில் எத்தனை கைகள் பங்குகொள்கின்றன என்பது, அந்தக் கைகள் ஒன்றுமே இல்லாத தேசத்தில் குடியேறிய பிறகுதான் பெற்றோருக்குத் தெரியவருகிறது. காலையில் பாட்டி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள்; பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரையில் போய் வருகிறாள்; மாமாவோ சித்தப்பாவோ சாயங்காலம் கோயிலுக்கு அழைத்துப் போகிறார்; அந்த இடைவேளைகளில் தாயானவள் சமையலை முடித்துச் சற்றுக் கண்ணயரவும் செய்கிறாள். பெர்லின் நகரத்தில், நான்காம் மாடியில், இரண்டு அறைகள் கொண்ட குடித்தனத்தில், கணவனும் மனைவியும் கைக்குழந்தையுமாக வாழ நேர்ந்தவர்களுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. ஆகையால் குழந்தையை வெளியே அழைத்துப் போவது அங்கே உல்லாசம் அன்று. உற்றார் உறவினர் செய்திருக்க வேண்டியதை ஊரிடம் கேட்டுப் பெறும் நித்திய காரியம். அந்த ஊர் அதை எவ்விதம் செய்து தருகிறது என்பதை, குழந்தைகளோடு அங்கே வசிப்பவன் என்ற முறையில், விவரிக்க விரும்புகிறேன்.

முதலில் விளையாட்டுத் திடல்களைச் சொல்ல வேண்டும். பெர்லினில் பொதுத் திடல்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இருக்கின்றன. அநேகமாக எல்லாவற்றிலும் காலடியில் மணல். சிலவற்றில் இரும்புக் கைப்பம்பு ஒன்றும், அதிலிருந்து சரிந்து இறங்கும் மர வாய்க்கால்களும் அமைத்திருப்பார்கள். ஒரு பிள்ளை தன் உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துத் தொங்கிப் பம்பை அடிக்க, இன்னொன்று வாய்க்காலின் நடுவே மண்ணை அப்பி அணை கட்ட, மூன்றாவது அணையை உடைத்துவிட்டுக் கூச்சலிட, முன்பின் அறியாத அந்த மூவரும் கால் மணி நேரத்தில் ஒரு பெரிய நீர்ப்பாசனத் திட்டத்தின் பங்காளிகளாகிவிடுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பெற்றோர் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பார்கள். சண்டை முற்றினாலன்றி எழுந்து வருவதில்லை. மார்பு வரையில் ஏறும் ரப்பர்க் கால்சட்டையும் முழங்கால் வரையிலான பூட்ஸும் அணிந்த குழந்தை, சேற்றில் முழுகி எழுந்தாலும் அதைக் குற்றமாகக் கருதுவோர் ஒருவரும் இல்லை.

இந்தச் சேறும் குளிரும் நம்மவர் மனத்துக்கு எளிதில் ஒத்துவருகிறவை அல்ல. "இந்தக் குளிர்ல புள்ளையை வெளிய தூக்கிட்டுப் போறியே, மார்ச்சளி கட்டிக்கிட்டா என்னப்பா பண்ணுவ?" என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்கும் பாட்டியின் அச்சத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை, அது பல தலைமுறைகளின் அனுபவத்தில் விளைந்தது. ஆனாலும், டிசம்பர் மாதத்தில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் அஸ்தமித்துவிடும் அந்த அட்சரேகையில், இருக்கும் சொற்ப வெளிச்சத்தைக் குழந்தைக்குக் காட்டாமல் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால், மாலைக்குள் குழந்தையும் தாயும் ஒருவரையொருவர் சகிக்க முடியாத நிலைமைக்கு வந்துவிடுகிறார்கள் என்பதை ஒரே ஒரு குளிர்காலம் போதித்துவிடும். கம்பளிச் சட்டையின்மேல் கம்பளிச் சட்டை மாட்டி, தள்ளுவண்டியில் வெந்நீர்க் குடுவையையும் தயிர்சாதம் அடைத்த டப்பாவையும் செருகிக்கொண்டு, தூறலிலும் புறப்பட்டுவிடுவதே உத்தமம். பெஞ்சியில் அடுத்திருக்கும் குழந்தை தன் டப்பாவிலிருந்து ஆப்பிள் துண்டுகளை எடுத்து நீட்டும். பதிலுக்கு நம் குழந்தை தயிர்சாதத்தை நீட்டும். பெரியவர்களின் சம்பாஷணை பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்தப் பெஞ்சிகளில் வேலைநாள் முற்பகலிலும் தகப்பன்மார் உட்கார்ந்திருப்பதைக் கண்டு புதிதாக வருகிறவர்கள் வியப்பதுண்டு. குழந்தை பிறந்ததும் உத்தியோகத்திலிருந்து சில மாதங்கள் விலகியிருக்கும் பெற்றோருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கமே கொடுக்கும் சட்டம் 2007 முதல் அமலில் இருக்கிறது. தாயும் தந்தையும் அதைப் பங்கிட்டுக்கொண்டால் மேலும் இரண்டு மாதங்கள் கிடைக்கும். இதைவிட என் மனத்தைக் கவர்ந்தது 2011-இல் செய்யப்பட்ட ஒரு சட்டத் திருத்தம். திடல்களிலும் குழந்தைப் பள்ளிகளிலும் எழும் சத்தத்தைக் குறித்து அண்டை வீட்டார் நியாயஸ்தலங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், குழந்தைகளின் கூச்சல் பொதுவாகத் தீங்கான இரைச்சல் ஆகாது என்று அந்தத் திருத்தம் திட்டவட்டமாக விதித்தது. ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக அரசியல் சட்டமே காத்து நிற்கும் தேசம் அது. அன்று கடைகள் மூடியிருக்கும், சுவரில் ஆணி அடித்தாலும் ஆட்சேபம் வரும். அத்தகைய நிசப்தப் பிரியர்கள் இந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் விலக்கு அளித்திருப்பதை நான் ஒரு சமுதாயத்தின் பண்புக்கு அத்தாட்சியாகவே கருதுகிறேன்.

குழந்தைப் பள்ளி அந்த நாட்டில் பிறந்த எண்ணம் என்பது பலரும் அறிந்தது. பிரெடரிக் ஃப்ரோபெல் 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் தொடங்கிய ஸ்தாபனத்துக்கு 1840-இல் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். பிஞ்சு மனங்களில் நாஸ்திகம் விதைக்கப்படுவதாகச் சந்தேகித்த பிரஷ்ய அரசாங்கம் 1851-இல் அதற்குத் தடை விதித்தது. மறு வருஷம் ஃப்ரோபெல் காலமானார். தடை நீங்கியது 1860-இல். இன்றோ ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பராமரிப்பு இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படி உண்டு. கீட்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இப்பள்ளிகளுக்குப் பெர்லினில் 2018 முதல் கட்டணமும் இல்லை. மதிய ஆகாரத்துக்கு மட்டும் ஒரு சிறு தொகை கட்டினால் போதும். சட்டத்தில் உரிமை இருந்தும் பல ஆண்டுகள் இடம் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. குழந்தை பிறக்குமுன்பே வரிசையில் பெயர் எழுதிவைத்தவர்கள் இருந்தார்கள்.

இடம் கிடைத்த பிறகு நடப்பதுதான் விசேஷம். அழுகிற குழந்தையை வாசலில் விட்டுவிட்டு ஓடிவரும் வழக்கம் அங்கே இல்லை. முதல் மூன்று நாட்கள் தாயோ தந்தையோ குழந்தையுடன் வந்து ஒரு மூலையில் ஒரு மணி நேரம்போல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தையைத் தள்ளிவிடவும் கூடாது, இழுத்து வைத்துக்கொள்ளவும் கூடாது. நான்காம் நாள், "போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சில நிமிஷங்கள் வெளியே நிற்க வேண்டும். ஆசிரியை அணைத்துக்கொண்டதும் அழுகை அடங்குமானால் அவகாசம் நாளுக்கு நாள் நீளும். அடங்காவிட்டால் மேற்கொண்டு சில தினங்கள் பொறுத்திருப்பார்கள். வாரக்கணக்கில் நடக்கும் இந்தப் பழக்கத்துக்கு அந்த நகரத்தின் பெயரையே வைத்து, பெர்லின் முறை என்கிறார்கள். சொல்லாமல் நழுவிப் போவது அறவே ஆகாது என்பது அதன் முக்கிய விதி. குழந்தையின் கவனத்தைக் காக்கையின் பக்கம் திருப்பிவிட்டுப் புறப்பட்டுப் போகும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு, இரண்டு வயதுப் பிரஜையிடம் விடை பெற்றுச் செல்லும் இந்த மரியாதை ஆழ்ந்து யோசிக்கத்தக்கது.

வெளியூர்க் குழந்தைகளும் உள்ளூர்க் குழந்தைகளும் பேதமின்றிக் கலக்கும் இடம் ஒன்றைப் பெர்லினில் காட்டச் சொன்னால், நான் டெம்பெல்ஹோஃப் மைதானத்துக்குத்தான் அழைத்துப் போவேன். 2008 வரையில் விமான நிலையமாக இருந்த அந்த நிலம், 2010-இல் பூங்காவாகத் திறந்துவிடப்பட்டது. ஒரு பகுதியில் வீடுகள் கட்ட நகர நிர்வாகம் திட்டமிட்டபோது, 2014-இல் ஜனங்கள் வாக்களித்து அதை நிறுத்திவிட்டார்கள். ஏறத்தாழ முந்நூறு ஹெக்டேர் வெட்டவெளி. அதன் நடுவே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு ஓடுபாதைகள். விமானங்கள் கிளம்பிய அந்தத் தாரின்மேல் இப்போது இரண்டு வயதுக் குழந்தைகள் மிதிகட்டை இல்லாத சின்னஞ்சிறு சைக்கிள்களில் கால்களால் தரையை உந்தி உந்திப் பறக்கிறார்கள். கார்ல் டிரைஸ் 1817-இல் மான்ஹைம் நகரில் ஓட்டிக் காட்டிய, சைக்கிளுக்கு மூதாதையான மர வண்டியும் இதே விதமாகக் காலால் உந்தி ஓட்டப்பட்டதுதான். மோட்டார் வண்டி வருமோ என்ற திகில் இல்லாமல், நூறு அடி முன்னே ஓடும் குழந்தையைக் கூவி அழைக்காமல் நடப்பது எத்தகைய விச்ராந்தி என்பதை ஒரு பெருநகரத்துத் தாய் தகப்பனிடம் கேட்டால்தான் தெரியும்.

அந்த மைதானத்தின் வேலிக்குக் குழந்தைகளின் சரித்திரம் ஒன்று உண்டு. 1948-இல் மேற்குப் பெர்லினுக்குச் செல்லும் சாலைகளையும் ரயில் பாதைகளையும் சோவியத் சேனை அடைத்துவிட்டபோது, நிலக்கரியும் மாவும் ஆகாய மார்க்கமாக இங்கேயும் வந்து இறங்கின. கெயில் ஹால்வர்சன் என்ற அமெரிக்க விமானி, வேலிக்கு அப்பால் நின்ற பசித்த குழந்தைகளோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தம்மிடம் இருந்த இரண்டு சூயிங் கம்களைக் கொடுத்தார். பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் அவற்றைப் பிய்த்துப் பகிர்ந்துகொண்டார்கள். கிடைக்காதவர்கள் மேல் தாளை வாங்கி முகர்ந்து பார்த்தார்கள். மறுபடி வரும்போது இறக்கைகளை ஆட்டி அடையாளம் காட்டுவதாக வாக்களித்த ஹால்வர்சன், கைக்குட்டைகளைப் பாரசூட்டாகக் கட்டி மிட்டாய்களை மேலிருந்து போட்டார். அவரைப் பின்பற்றி மற்ற விமானிகளும் போட்டதில், இருபது டன்னுக்கு மேற்பட்ட தித்திப்பு அந்தக் குழந்தைகளுக்கு வந்து சேர்ந்தது. அவர் 2022-இல், நூற்றொரு வயதில் காலமானார். பட்டம் விடும் கூட்டத்துக்கிடையே நின்று இந்தக் கதையைச் சொன்னால், நாலு வயதுப் பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, என்ன மிட்டாய் என்பதே.

குழந்தை அங்கேயே வளர வளர, அந்த ஊர்ப் பண்டிகைகளும் வீட்டுக்குள் நுழைகின்றன. நவம்பர் 11 அன்று, தம் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்து ஒரு பிச்சைக்காரனுக்குப் பாதியைக் கொடுத்த புனித மார்ட்டினை நினைத்து, தாங்களே ஒட்டிச் செய்த காகித விளக்குகளை ஏந்திப் பிள்ளைகள் இருட்டில் பாடிக்கொண்டு செல்கிறார்கள். அதே மாதத்தையொட்டி நம் வீடுகளில் கார்த்திகை அகலும் ஏறுவதால், குழந்தைக்கு இரண்டும் ஒரே காலத்து விளக்குகளாகிவிடுகின்றன. பெரியவர்கள் பிரித்துச் சொல்ல அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம்.

நம் பண்டிகைக்குப் போக வேண்டுமானால் ரயிலேற வேண்டும். ஜெர்மனியின் மேற்கே உள்ள ஹம் நகரின் தொழிற்பேட்டைப் பகுதியில், இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் ஆலயம் 2002-இல் கும்பாபிஷேகம் கண்டது. ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் அதன் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். தீர்த்தமாடுவது பக்கத்துக் கால்வாயில். பாவாடை கட்டிய சிறுமிகள் தங்களுக்குள் ஜெர்மன் மொழியில் வம்பளந்துகொண்டே வடம் பிடிப்பார்கள். பெர்லினிலிருந்து போகிற துரித ரயில்கள் ஹம்மில் நிற்கும். சிறு பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. கைக்குழந்தைக்காரர்களுக்கென்று தனி அறையும் உண்டு. அதில் தள்ளுவண்டியை மடக்காமலே நிறுத்தலாம், பிள்ளை தரையில் உட்கார்ந்து விளையாடலாம். ஒரு ரயிலுக்கு இப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சமே இருப்பதால், தேருக்கு நாள் குறித்த உடனே இருக்கையைப் பதிவு செய்துவிடுவது நல்லது.