ஓடினால்தான் மலிவு

மின்சார எஸ்யூவி வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களைத்தான் பார்க்கிறார்கள். ஒன்று ஷோரூம் விலை, மற்றொன்று கிலோமீட்டருக்கு ஆகும் செலவு. முதல் எண் மலைப்பைத் தருகிறது, இரண்டாவது ஆசையைத் தூண்டுகிறது. 2025 ஜனவரியில் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் வந்தபோது தொடக்க விலை 17.99 லட்சம் ரூபாய். அதே கிரெட்டாவின் பெட்ரோல் வகை 11 லட்சத்தை ஒட்டித் தொடங்கியது. தொடக்க வகைகளின் வசதிகள் ஒன்றல்ல என்பதால் இந்த 7 லட்சத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வசதிகள் ஒத்துவரும் வகைகளை எதிரெதிரே வைத்தால் இடைவெளி வெகுவாகக் குறையும். ஆனாலும் மறையாது. அந்த இடைவெளியின் பெரும்பகுதி பேட்டரி. பெட்ரோல் காரில் பத்தாண்டுகளுக்குத் தவணை தவணையாகப் பங்கில் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மின்காரில் முதல் நாளே மொத்தமாகக் கொடுத்துவிடுகிறோம். ஒத்திக்கு வீடு பிடிப்பது போன்ற ஏற்பாடு இது: முன்னால் பெருந்தொகை, பின்னால் மாத வாடகை இல்லை. ஒத்திக்கு எடுத்த வீட்டைப் பூட்டிவைத்தால் யாருக்கு நஷ்டம்? மின்சார எஸ்யூவி மலிவா, விலை உயர்ந்ததா என்ற கேள்விக்கு வண்டியை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், இரவில் எங்கே சார்ஜ் ஏறும், எவ்வளவு பெரிய பேட்டரியை வாங்குகிறோம் என்ற மூன்றும்தான் பதிலைத் தீர்மானிக்கின்றன.

முதலில் ஆற்றல் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நகரத்தில் 12.5 கிலோமீட்டர் மைலேஜ் தரும் ஒரு பெட்ரோல் எஸ்யூவி அந்த 9 யூனிட்டையும் 12.5 கிலோமீட்டருக்குச் செலவிடுகிறது. மின்சார எஸ்யூவிக்கு அதே தூரத்துக்கு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 2 யூனிட் போதும். பெட்ரோல் எஞ்சின் எரிப்பதில் பெரும்பங்கு வெப்பமாக ரேடியேட்டர் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் போய்விடுகிறது. சிக்னலில் நிற்கும்போதும் அது எரித்துக்கொண்டே இருக்கிறது. மின்மோட்டார் வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சக்கரத்துக்குத் தந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மீண்டும் பேட்டரிக்குள் அனுப்புகிறது. அதனால்தான் பெட்ரோல் வண்டிக்கு மிக மோசமான நகர நெரிசல் மின்வண்டிக்கு ஏறக்குறைய தோதான இடமாக இருக்கிறது.

இந்த இயற்பியல் சாதகம் ரூபாயாக மாறும்போது கொஞ்சம் தேய்கிறது. எவ்வளவு தேய்கிறது என்பதை நம் கரண்ட் பில்லில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அடுக்கு அடுக்காக ஏறும். 2024 ஜூலைக் கட்டணப்படி 500 யூனிட்டைத் தாண்டினால் அடுத்த 100 யூனிட்டுக்கு 8.55 ரூபாய், 601 முதல் 800 வரை 9.65, அதற்கு மேல் 1,000 வரை 10.70. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு இரண்டு மாதத்தில் 330 யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஏற்கெனவே ஏசி, கீசர் என்று 500 யூனிட் செலவிடும் வீட்டில் இந்தக் கார் வந்தால், கூடுதல் யூனிட்டுகள் முழுவதும் மேல் அடுக்குகளில் போய் விழும்; 500-ஐத் தாண்டியதால் கீழ் அடுக்கில் கிடைத்துவந்த சலுகையும் போய்விடும். பில் சுமார் 3,400 ரூபாய் கூடும். யூனிட்டுக்கு 10 ரூபாய், கிலோமீட்டருக்கு 1.70. இதே கார் 200 யூனிட் மட்டுமே செலவிடும் சிக்கனமான வீட்டுக்குப் போனால் யூனிட் 6.50 ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். வண்டி விற்பவர்கள் சொல்லும் 'கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்' எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்பதற்கு இதுவே காரணம். கூரையில் சூரிய மின்தகடு வைக்க இடமிருந்தால் நிலைமை மாறும். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அப்படி ஓர் அமைப்பு காரின் தேவையையும் தாண்டி உற்பத்தி செய்து பில்லைக் கீழ் அடுக்குக்கு இறக்கிவிடும்.

சொந்தமாகச் சார்ஜ் போட வழியில்லாதவர்கள் பொது விரைவு சார்ஜிங் நிலையங்களை நம்ப வேண்டும். அங்கே 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து யூனிட் 20 ரூபாயைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. 22 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 3.70. பெட்ரோலுக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்து, 8 ரூபாய். ஆக, வீட்டில் சார்ஜ் போடுபவர் கிலோமீட்டருக்கு 6.30 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார், பொது நிலையத்தை நம்புபவர் 4.30 ரூபாய். ஒரே வண்டி, ஒரே ஊர். கார் நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்பதால் மட்டும் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

இனி அந்த முன்தொகை. தனியார் பயன்பாட்டு மின்கார்களுக்கு மத்திய அரசின் நேரடி மானியம் கிடையாது. பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் கார்கள் இல்லை. கடன் வட்டியில் 1.5 லட்சம் வரை வருமான வரிக் கழிவு தந்த 80 இஇபி பிரிவும் 2023 மார்ச் 31-க்குப் பிறகு ஒப்புதலான கடன்களுக்குப் பொருந்தாது. உதவி முழுவதும் வரியாகவே வருகிறது. மின்காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். பெரிய பெட்ரோல், டீசல் எஸ்யூவிகளுக்குச் செஸ் சேர்த்து 45 முதல் 50 சதவீதம் வரை இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆனது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய பெட்ரோல் எஸ்யூவிகளுக்கு 29 சதவீதம் 18 ஆகக் குறைந்தது. பெட்ரோல் வண்டி மலிவானதால், குறிப்பாகச் சிறிய எஸ்யூவிகளில், மின்காரின் ஒப்பீட்டுச் சாதகம் ஒரே நாளில் சுருங்கிவிட்டது. மாநில வரி இதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம். மின்வாகனங்களுக்கு மாநில அரசு காலக்கெடு வைத்து முழு விலக்கு அளித்துவந்திருக்கிறது. 14 லட்ச ரூபாய் பெட்ரோல் எஸ்யூவி வரி கட்டியபின் 16.5 லட்சத்தைத் தொடும். 18.5 லட்ச ரூபாய் மின்சார எஸ்யூவி விலக்கு இருக்கும்வரை அங்கேயே நிற்கும். 4.5 லட்சமாக இருந்த இடைவெளி 2 லட்சமாகிவிடுகிறது. விலக்கு இல்லை என்றால் அதே இடைவெளி 5.3 லட்சம். கர்நாடகம் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 2024-இல் 10 சதவீத வரி விதித்துவிட்டது. ஒரு குடும்பத்தின் பத்தாண்டுக் கணக்கையே ஓர் அரசாணை புரட்டிப் போட முடியும் என்பது கவலைக்குரியது. விலக்குகளை நீண்ட காலத்துக்கு முன்கூட்டியே அறிவித்து, படிப்படியாகக் குறைப்பதே நியாயம்.

விலைப்பட்டியலில் கண்ணில் படாத செலவுகளும் உண்டு. மூன்றாம் தரப்புக் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் அறிவிக்கப்பட்ட கட்டணம் பெட்ரோல் காருக்கு எஞ்சின் கொள்ளளவை வைத்தும், மின்காருக்கு மோட்டாரின் கிலோவாட்டை வைத்தும் கணக்கிடப்படுகிறது. 1,000 சிசியைத் தாண்டி 1,500 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் எஸ்யூவிக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். 65 கிலோவாட்டைத் தாண்டிய மின்காருக்கு 6,712. இன்று விற்கும் மின்சார எஸ்யூவிகளில் பெரும்பாலானவை 65 கிலோவாட்டைத் தாண்டியவை. டாடா நெக்ஸானின் மின்வகையே அந்த எல்லைக்கு மேல். மின்வாகனங்களுக்கு 15 சதவீதத் தள்ளுபடி என்று அறிவித்த அதே கட்டணப் பட்டியலில், ஒரே உடல் கொண்ட இரண்டு நெக்ஸான்களில் மின்வகைக்கு ஏறக்குறைய இரட்டிப்புக் கட்டணம் வருகிறது. சொந்தச் சேதக் காப்பீடும் வண்டி மதிப்புக்கேற்பக் கூடும். ஆயில், ஃபில்டர், கிளட்ச் என்று சர்வீஸில் மிச்சமாவது இதை ஏறத்தாழ ஈடுகட்டிவிடும் என்று கொள்ளலாம். வீட்டுச் சார்ஜர் வேறு. மஹிந்திரா தன் பிஇ 6 வண்டிக்கு 7.2 கிலோவாட் சார்ஜரை 50,000 ரூபாய்க்குத் தனியாக விற்றது. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 7 யூனிட்தான் தேவை; 3.3 கிலோவாட் தரும் 15 ஆம்பியர் பிளக்கில் அது இரண்டரை மணி நேரத்துக்குள் ஏறிவிடும். முறையான எர்த்திங் இருந்தால் பலருக்கு அந்த 50,000 தேவைப்படாத செலவு.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கலாம். 2 லட்ச ரூபாய் இடைவெளியை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகக் கட்டினால் வட்டி சுமார் 50,000. மொத்தம் 2.5 லட்சம். கிலோமீட்டருக்கு 6.30 மிச்சம் என்றால் 40,000 கிலோமீட்டரில் அது மீண்டுவிடும். பொதுச் சார்ஜிங் என்றால் 58,000 வேண்டும். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுபவர், வீட்டில் சார்ஜ் போட்டால், மூன்றாண்டுக்குள் முன்தொகையை எடுத்துவிடுவார். வார இறுதியில் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் என்று 6,000 மட்டும் ஓடுபவருக்கு ஆறரை ஆண்டுக்கு மேலாகும். சாலை வரி விலக்கும் இல்லாவிட்டால் ஈடுகட்டும் தூரம் 1 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். 6,000 கிலோமீட்டர்காரருக்கு அது வண்டியின் ஆயுளே.

பேட்டரி எட்டாண்டில் செத்துவிட்டால் இந்த மிச்சமெல்லாம் என்னாவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ப்ளூம்பெர்க் என்இஎஃப் கணக்குப்படி 2010-இல் கிலோவாட் மணிக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த லித்தியம் பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை 2024-இல் 115 டாலராக இறங்கியது. 45 கிலோவாட் மணித் தொகுப்புக்கு இன்னமும் 4 லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும், மாற்றும்போது சில்லறை விலை அதையும் தாண்டும். ஆனால் பேட்டரி ஓட்டத்தால் மட்டும் தேய்வதில்லை. இன்று பல வண்டிகளில் வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் ஈராயிரம் முழுச் சுழற்சிகளைத் தாங்கக்கூடியவை. ஒரு சுழற்சிக்கு 280 கிலோமீட்டர் என்றால் 1,500 சுழற்சியிலேயே 4 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிடலாம். ஆண்டுக்கு 12,000 ஓடும் கார் 43 சுழற்சிகளைத்தான் செலவிடுகிறது. சும்மா நிற்கும்போதும், எதிர்மின்வாயின் மேல் படியும் மெல்லிய படலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து லித்தியத்தை விழுங்கிக்கொண்டிருக்கும். வெயிலில் முழுச் சார்ஜோடு நாள்கணக்கில் நிறுத்தினால் இது வேகமாக நடக்கும். ஆகவே குறைவாக ஓட்டி பேட்டரியைப் பாதுகாக்கிறோம் என்று நினைப்பவர் உண்மையில் காலத்துக்குத் தின்னக் கொடுக்கிறார். நிழலில் நிறுத்துவதும், நீண்ட நாள் எடுக்காவிட்டால் பாதிச் சார்ஜில் விடுவதும்தான் பாதுகாப்பு. எட்டாண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரன்ட்டி இங்கே வழக்கம். டாடாவும் மஹிந்திராவும் சில வண்டிகளுக்கு முதல் உரிமையாளருக்கு 'ஆயுள்கால' வாரன்ட்டி தருகின்றன.

பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டுமே, பெரிய பேட்டரி இல்லாமல் எப்படி என்பது அடுத்த கேள்வி. எஸ்யூவி வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். எஸ்யூவியின் உயரமான, அகலமான முகப்பு அதிகக் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயரும். 80-இலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். அதனால் சோதனைச் சுழற்சியில் 489 கிலோமீட்டர் என்று சான்று பெற்ற நெக்ஸான் 45 மின்வகைக்கு டாடாவே நடைமுறைத் தூரமாக 350 முதல் 370 என்று சொல்கிறது. நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டினால் அதுவும் குறையும். சென்னையிலிருந்து மதுரைக்கு எப்படியும் ஒரு நிறுத்தம் வேண்டும். சாப்பிட நிறுத்தும் முக்கால் மணி நேரத்தில் அது முடிந்துவிடும். அந்த ஒரு நிறுத்தத்தைத் தவிர்க்க 79 கிலோவாட் மணிப் பேட்டரி வாங்குபவர், ஆண்டில் நான்கு நாளுக்காக முந்நூற்று அறுபது நாளும் கூடுதல் எடையைச் சுமக்கிறார், அதற்கும் வட்டி கட்டுகிறார். டயரும் சீக்கிரம் தேய்கிறது. அடிக்கடி தொலைதூரம் போகும் தொழில் உள்ளவருக்கு மட்டுமே அந்தப் பேட்டரி உழைத்துத் தரும்.

2024 செப்டம்பரில் எம்ஜி வின்ட்சர் மின்கார் வந்தபோது பேட்டரியின் விலையைப் பிரித்துக் காட்டினார்கள். பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பேட்டரிக்கு கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய், சேர்த்து வாங்கினால் 13.50 லட்சம். இரண்டுக்கும் வித்தியாசம் 3.51 லட்சம். வாடகைத் தொகை அந்த வித்தியாசத்தைத் தொடுவது 1 லட்சம் கிலோமீட்டரில். குறைவாக ஓட்டுபவருக்கு வாடகை, அதிகம் ஓட்டுபவருக்குச் சொந்தம் என்று அந்த விலைப்பட்டியலே சொல்லிவிடுகிறது. ஆனால் மாதம் குறைந்தது இத்தனை கிலோமீட்டருக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், குறைவாக ஓட்டுபவருக்குக் கிடைக்க வேண்டிய நன்மை அங்கேயே பறிபோய்விடும்.

ஒத்தித் தொகை வீட்டைக் காலி செய்யும்போது முழுதாகத் திரும்பும். மின்காரில் எவ்வளவு திரும்பும் என்பதைப் பழைய கார் சந்தை தீர்மானிக்கிறது. வாங்குபவருக்குப் பேட்டரியின் உள்நிலை தெரியாது, ஆகவே பயந்து விலையைக் குறைக்கிறார். முதல் உரிமையாளருக்கு மட்டும் என்ற ஆயுள் வாரன்ட்டி கைமாறும்போது சுருங்குவது அந்தப் பயத்தைக் கூட்டுகிறது. மீதமிருக்கும் கொள்ளளவு எத்தனை சதவீதம் என்பது வண்டியின் பேட்டரி மேலாண்மைக் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. அதை உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் திரையில் பார்க்கும்படியும், பெயர் மாற்றும்போது ஆவணத்தில் பதியும்படியும் போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டும். நன்றாகப் பராமரித்த, நன்றாக ஓடிய பேட்டரிக்கு உரிய விலை அப்போதுதான் கிடைக்கும். இரண்டாம் கை மின்கார் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டுவதும் அதன் பிறகுதான்.