காலை எடுத்தால் திரும்பும் மின்சாரம்

மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாற்போல வேகம் குறையும். புதிதாக ஓட்டுகிறவர்கள் மிரள்வது இங்கேதான். அதுவரை சக்கரத்தைச் சுழற்றிய மோட்டாரை, இப்போது சக்கரம் சுழற்றுகிறது. மோட்டாரே ஜெனரேட்டராகிப் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. பெட்ரோல் காரில் பிரேக் தட்டைச் சூடாக்கி வீணாகும் ஆற்றல்தான் இது. இப்படி மின்சாரம் திரும்புவதை ஓட்டுகிறவர்கள் சுருக்கமாக ரீஜென் என்பார்கள்.

எவ்வளவு திரும்பும்? 1,500 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 0.06 யூனிட். பேட்டரிக்குள் போகிற வழியிலும் திரும்பி வருகிற வழியிலும் மூன்றில் ஒரு பங்கு கரைந்தாலும், மிச்சத்தில் கால் கிலோமீட்டர் ஓடலாம். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊருக்குள் இது நன்றாகவே சேரும். நாற்கரச் சாலையில் சீராக 100-ல் போகிறவருக்குப் பெரிதாக உதவாது. அங்கே பேட்டரியைத் தின்பது காற்று.

ஆகவே விரட்டிப் போய் ரீஜெனில் நிறுத்தினால் செலவழித்தது திரும்பிவிடும் என்று நம்ப வேண்டாம். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் முன்கூட்டியே காலைத் தளர்த்தி வண்டியை உருளவிடுவதே அதிக லாபம். ரீஜென் கற்றுத்தர வேண்டிய பழக்கம் இதுதான்: பார்வை முன்வண்டியைத் தாண்டிப் போக வேண்டும்.

மலைப்பாதையில்தான் ரீஜெனின் முழுப் பலன் தெரியும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். அதே 1,500 கிலோ காருக்கு அது சுமார் 7.8 யூனிட் ஆற்றல். டயரும் காற்றும் தின்றது போக, நிதானமாக இறங்கினால் மூன்று, நான்கு யூனிட் பேட்டரிக்குள் வந்துசேரும். கொண்டை ஊசி வளைவுகளில் பெட்ரோல் காரின் செகண்ட் கியர் செய்கிற வேலையை ரீஜென் செய்வதால் பிரேக்கும் சூடேறாது.

ஆனால் பேட்டரி முழுக்க நிறைந்திருந்தால் வருகிற மின்சாரத்துக்கு உள்ளே இடமில்லை. ரீஜென் வெகுவாகக் குறைந்து, காலை எடுத்தாலும் வண்டி வழக்கம்போல் பிடிக்காது. சரிவில் அது ஆபத்து. ஊட்டியில் இரவு சார்ஜ் போடுகிறவர்கள் 85 சதவீதத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தை இறக்கமே நிரப்பும்.