பூக்கடைக்கும் பெயர் வேண்டும்

“பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?” என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. பூவின் மணமே வாங்குவோரை அழைத்து வரும் என்பது அதன் பொருள். பொய்யில்லை. ஆயினும் மல்லிகையின் மணம் தெருமுனை வரையில்தான் செல்லும். அடுத்த தெருவில் குடியிருப்போருக்கு அப்படியொரு கடை இருப்பதே தெரியாது. ஒரே தெருவில் பத்துப் பூக்கடைகள் இருந்துவிட்டாலோ, மணம் எந்தக் கடையைச் சுட்டிக் காட்டும்?

நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று சிறுதொழில் ஒன்று நடைபெறுகிறது. முறுக்கு சுற்றுகிறார்கள், ஊறுகாய் போடுகிறார்கள், துணி தைக்கிறார்கள், மெழுகுவர்த்தி வார்க்கிறார்கள். பொருள் நன்றாகவே இருக்கிறது. உழைப்புக்கும் குறைவில்லை. ஆனால் ஆண்டுகள் பல சென்றும் தொழில் வளர்ந்தபாடில்லை. காரணம் என்ன? பல வீடுகளில் காரணம் ஒன்றுதான்: அப்பொருளுக்குப் பெயரில்லை.

பெயரற்ற பண்டம்

ஓர் இல்லத்தை மனக்கண்முன் கொண்டு வருவோம். தந்தைக்கு ஆலை வேலை போய்விட்டது. தாயின் கைவளையல்கள் அடகுக் கடையில் இருக்கின்றன. அவள் சுற்றும் முறுக்கை நம்பியே வீட்டு அடுப்பும் எரிகிறது, பிள்ளைகளின் படிப்பும் நடக்கிறது. அந்த முறுக்கை ஊரிலுள்ள பலகாரக் கடைக்காரர் பொட்டலம் ஒன்று 40 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறார். தம் கடைச் சீட்டை ஒட்டி 65 ரூபாய்க்கு விற்கிறார். உண்பவர்கள் “அந்தக் கடை முறுக்கு அருமை!” என்று புகழ்கிறார்கள். சுற்றிய கை யாருடையது என்பதை ஒருவரும் அறியார்.

“அம்மா, நம் முறுக்குக்கு நாமே ஒரு பெயர் வைத்தால் என்ன?” என்று கல்லூரியில் படிக்கும் மகள் கேட்கிறாள்.

“முறுக்குக்கு எதற்கடி பெயர்? தின்கிறவனுக்கு ருசி போதாதா?” என்கிறாள் தாய்.

ஒரு நாள் கடைக்காரர், “வேறொருவர் 36 ரூபாய்க்குத் தருகிறார், இனி உங்களிடம் வேண்டாம்” என்று சொல்லிவிடுகிறார். அன்றோடு அவளுடைய பத்தாண்டுத் தொழில் முடிந்துவிடுகிறது. வாடிக்கையாளர் நூற்றுக்கணக்கில் இருந்தனர். ஆனால் அவர்களில் ஒருவர்கூட அவளுடையவர் அல்லர்.

இதுவே பெயரில்லாப் பொருளின் நிலை. அதைச் செய்பவருக்குக் கிடைப்பது கூலி மட்டுமே. பெயருள்ள பொருளைச் செய்பவருக்கோ தொழில் என்னும் சொத்து கிடைக்கிறது. ‘பிராண்ட்’ என்று இக்காலத்தில் பேசப்படுவது வண்ணச் சீட்டும் அழகிய எழுத்தும் மட்டுமன்று. “இப்பெயர் உள்ள பொட்டலத்தைப் பிரித்தால் இன்ன சுவை, இன்ன தரம், இன்ன எடை இருக்கும்” என்று வாங்குபவருக்கு நாம் கொடுக்கும் வாக்குறுதியே அது.

எண்பது ரூபாயில் பிறந்த பெயர்

இவ்வுண்மைக்குச் சான்றாக நம் நாட்டிலேயே ஒரு வரலாறு உண்டு. 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், பம்பாய் கிர்காம் பகுதியில் ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டனர். சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூக ஊழியரிடம் கடனாகப் பெற்ற 80 ரூபாயே அவர்களுடைய முதல். அன்று ஆயத்தமானவை நான்கே பொட்டலங்கள். அடுத்த மழைக்காலத்தில் அப்பளத்தை உலர்த்த வெயிலின்றி, நான்கு மாதங்கள் வேலையே நின்றுபோயிற்று. மறு ஆண்டு கட்டிலொன்றும் அடுப்பொன்றும் வாங்கினார்கள். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினார்கள். முதலாண்டில் அவர்கள் விற்றது 6,196 ரூபாய்க்கு.

தொடக்கத்தில் அவர்கள் இருவகை அப்பளம் செய்தனர்: நல்லதற்கு ஒரு விலை, சற்றுத் தாழ்ந்ததற்குக் குறைந்த விலை. சிறுதொழில் செய்வோர் எல்லாருக்கும் தோன்றும் எண்ணந்தானே இது? சகன்லால் அதைத் தடுத்தார். ஒரே தரத்தில் செய்யுங்கள், அதில் ஒருபோதும் குறை வைக்காதீர்கள் என்று அறிவுரை கூறினார். கணக்கை ஒழுங்காக எழுதவும் வற்புறுத்தினார்.

பெயர் பிறகுதான் வந்தது. 1962-இல், ஐந்து ரூபாய் பரிசு அறிவித்துப் பெயர் கேட்டார்கள். ‘லிஜ்ஜத்’ என்ற சொல் தேர்வாயிற்று. குஜராத்தியில் சுவை என்பது அதன் பொருள். 1966-இல் அவ்வமைப்பு சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. பிசைந்த மாவைப் பெண்கள் வீட்டிற்கு எடுத்துச் சென்று, இட்ட அப்பளத்தை மறுநாள் கொணர்ந்து தருவர். அது சோதிக்கப்பட்ட பின்னரே பொட்டலத்துள் செல்லும். இன்று நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்கள் அதன் உறுப்பினர்கள். எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்நாதாஸ் போபட்டுக்கு 2021-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் தரம், அடுத்துக் கணக்கு, அதன்பின் பெயர், கடைசியில்தான் விளம்பரம். இந்நாளில் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, முதல் நாளே விளம்பரத்தில் தொடங்கிவிடுகின்றனர்!

தொட்டுப் பார்க்கச் செய்தவர்

விளம்பரம் எவ்வாறு இருக்க வேண்டும்? நம் தமிழகத்துக் கடலூர் இதற்கு விடை தருகிறது. 1983-இல் சி. கே. ரங்கநாதன் 15,000 ரூபாயுடன் குடும்பத் தொழிலை விட்டு வெளியேறி, ‘சிக்’ என்ற ஷாம்புவைத் தொடங்கினார். சிறு உறையில் ஷாம்பு விற்கும் முறைக்கு முன்னோடியான தம் தந்தை சின்னி கிருஷ்ணனின் பெயரிலிருந்தே அச்சொல்லை ஆக்கிக்கொண்டார். சீயக்காயன்றி வேறொன்றும் அறியாத கிராமங்களில் இதை எப்படி விற்பது? அவருடைய ஆட்கள் ஊர் ஊராகச் சென்று, எல்லாரும் காணச் சிறுவர்களின் தலையை அலசிக் காட்டினர். கூடியிருந்தோர் அம்முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்தனர். வெற்று உறைகளைக் கொடுத்தால் புது உறை ஒன்று இலவசம் என்றும் அறிவித்தனர்.

“எங்கள் பொருள் சிறந்தது” என்று ஆயிரம் முறை முழங்குவதைவிட ஒரு முறை செய்து காட்டுவது மேல். சமூக ஊடகத்தில் நாம் செய்ய வேண்டியதும் இதுவே.

கைப்பேசி என்னும் கடைத்தெரு

முன்பு செய்து காட்டுவதற்கு ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. இன்று முகநூல், யூடியூப், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றால் அடுப்படியிலிருந்தே அது கைகூடுகிறது. இவற்றில் செய்தி இடக் கட்டணமில்லை. சிறு வணிகர்களுக்கென 2018-இல் வெளியான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் முகவரி, கடை நேரம், விலைப்பட்டியல் யாவற்றையும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அங்கே எதைச் சொல்வது? பலர் நாள்தோறும் “வாங்குவீர், வாங்குவீர்!” என்று கூவுகின்றனர். வீட்டு வாசலில் ஒருவர் நாள்தோறும் வந்து இவ்வாறு கூவினால் நாம் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டோமா? ஆகவே பத்துச் செய்திகளில் ஏழெட்டு, பார்ப்பவருக்குப் பயன் தருவனவாக இருக்கட்டும். அந்த முறுக்குத் தாயையே எடுத்துக்கொள்வோம். மாவு பதமாக இருக்கிறதா என்று விரலால் அறிவது எப்படி? எண்ணெய் காய்ந்ததை எவ்வாறு கண்டுகொள்வது? முறுக்கு நமுத்துப் போகாமல் எத்தனை நாள் காக்கலாம்? ஒருமுறை காய்ந்த எண்ணெயை அவள் ஏன் மறுமுறை பயன்படுத்துவதில்லை? இவை ஒவ்வொன்றும் அரை நிமிடப் படத்திற்குரிய பொருள். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. காலை வெளிச்சம் விழும் சன்னலோரமும், துடைத்துச் சுத்தமான அடுப்படியும், அவள் இயல்பாகப் பேசும் தமிழும் போதும்.

வாரம் இரண்டோ மூன்றோ செய்திகள், ஆனால் தவறாமல் வர வேண்டும். ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே எழுத்து பொட்டலத்திலும் படத்திலும் இருக்கட்டும். கேட்டவருக்கு அன்றே விடை சொல்லுங்கள். “இம்முறை உப்பு கூடிவிட்டது” என்று ஒருவர் எழுதினால் அதை அழித்துவிட வேண்டாம். தவற்றை ஒப்புக்கொண்டு, மாற்றுப் பொட்டலம் அனுப்பி, அதையும் அங்கேயே எழுதுங்கள். நூறு புகழுரைகள் தராத நம்பிக்கையை அந்த ஒரு மறுமொழி தரும்.

குழந்தைகளை விளம்பரப் பொம்மைகளாக்கிவிடலாகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் தொழில் நடக்கலாம். அதற்காக வீடே கடைத்தெருவாகிவிட வேண்டியதில்லை.

இரவல் திண்ணை

இன்னொன்று. சமூக ஊடகம் நமக்குச் சொந்தமான இடமன்று; பிறர் வீட்டுத் திண்ணை. 2020 ஜூன் 29-ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக் செயலியைத் தடைசெய்தது. இலட்சக்கணக்கான பார்வையாளர்களை அங்கே சேர்த்து வைத்திருந்தவர்கள் அவர்களை ஒரே இரவில் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4-ஆம் நாள் முகநூலும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. ஆகவே, வாங்கியவரின் பெயர், தொலைபேசி எண், வாங்கிய பொருள் ஆகியவற்றை அவருடைய இசைவோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நமக்கு உண்மையில் சொந்தமான கடைத்தெரு அந்தக் குறிப்பேடுதான்.

அதன் மறுபக்கத்தில் கணக்கிருக்கட்டும். மாவு, எண்ணெய், எரிவாயு 26 ரூபாய். உறையும் சீட்டும் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 31, கடைக்கு 40 ரூபாய்க்குக் கொடுத்தால் 9 ரூபாய் இலாபம் என்று தாய் மகிழ்கிறாள். தன் உழைப்புக்கு 15 ரூபாய் என்று எழுதிப் பார்த்தால் அடக்கம் 46. அதாவது ஒவ்வொரு பொட்டலத்திலும் அவள் 6 ரூபாய் இழந்து வந்திருக்கிறாள்! தன் பெயரில் 65 ரூபாய்க்கு நேரே விற்றால்தான் அவளுடைய உழைப்புக்கு ஊதியமும், சிறிது மிச்சமும் கிடைக்கும். வெளியூருக்கு அனுப்பும் செலவைத் தனியே குறித்து வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடன் வாங்கிப் பணம் கட்டி விளம்பரம் செய்வதோ, மிச்சம் கண்ணில் படும் வரையில் வேண்டவே வேண்டாம்.

சட்டமும் மனச்சான்றும்

உணவுப் பொருள் விற்போர், வீட்டில் செய்தாலும், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். 14 இலக்கமுள்ள அவ்வெண்ணோடு, சேர்பொருள்கள், நிகர எடை, செய்த நாள், முகவரி, விலை ஆகியவையும் பொட்டலத்தில் இருத்தல் அவசியம்.

பெயரையும் காத்துக்கொள்ள வேண்டும். 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி பதிவு செய்தால் பத்தாண்டு உரிமை கிடைக்கும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம். ‘சுவையான முறுக்கு’ என்பதுபோல் பண்பை மட்டும் கூறும் பெயரை ஒருவருக்கே உரிமையாக்கச் சட்டம் எளிதில் இடந்தராது. எனவே பிறர் வைக்காத, நாவில் எளிதில் வரும் பெயராகத் தேர்ந்துகொள்ளுங்கள். பதிவாகுமுன் வட்டத்திற்குள் ‘ஆர்’ எழுத்தை இடுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. திருவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இலும் புவிசார் குறியீடு பெற்றுவிட்டன. அப்பெயர்கள் அவ்வூர்த் தொழிலாளர்களின் பொதுச் சொத்து. வேறிடத்தில் செய்ததற்கு அவற்றைச் சூட்டலாகாது.

“சர்க்கரை நோய் தீரும்”, “முழங்கால் வலி பறந்துவிடும்” என்றெல்லாம் பலகாரத்திற்கும் பொடிக்கும் புகழ் பாடுவதை நாம் காண்கிறோம். பிறரைத் திசைதிருப்பும் விளம்பரத்திற்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க வழிசெய்கிறது. பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் புகழ்வோர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என 2023 ஜனவரியில் மத்திய அரசு நெறிமுறையும் வெளியிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உறவினரைக் கொண்டு பொய்ப் பாராட்டு எழுதுவித்தும், பணம் கொடுத்துப் பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டியும் நாம் யாரை ஏமாற்றுகிறோம்? அந்த எண்ணிக்கையில் ஒருவராவது முறுக்கு வாங்க வருவாரா?

நாளைக்கே தொடங்கலாம்

அன்புக் குடும்பத்தினரே! உங்கள் இல்லத்தில் ஒரு கைத்தொழில் இருக்குமாயின், இன்றிரவு எல்லாரும் ஒன்றாக அமருங்கள். நம் பொருளில் பிறர் பொருளில் இல்லாத நன்மை எது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையெனில், பெயர் வைப்பதற்கு முன் பொருளைத் திருத்துங்கள். எழுத வந்துவிட்டால், பிள்ளைகள் ஆளுக்கொரு பெயர் சொல்லட்டும். சிறந்ததற்கு ஐந்து ரூபாய் பரிசும் கொடுங்கள். அடுப்படி அறிவு தாயிடம் இருக்கிறது. கைப்பேசி அறிவு மகளிடம் இருக்கிறது. கணக்கறிவு தந்தையிடம் இருக்கக்கூடும். மூன்றும் சேரும் வீட்டில் தொழில் தழைக்கும்.

பொருள் நம் கையை விட்டுப் போய்விடும். பெயர் நம்மிடமே தங்கும். அப்பெயரைக் கைப்பேசி ஊரெங்கும் கொண்டு செல்லும். ஆனால் அதைச் சம்பாதிக்க வேண்டிய இடம் அடுப்படியே. நல்ல பெயரோடு தொழில் செய்யுங்கள். பத்தாண்டு உழைப்பை எந்தக் கடைக்காரரும் ஒரு சொல்லில் முடித்துவிட இயலாது.