கொல்லன் மகனுக்கு எழுத்துத் தெரியாது

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது 'நீர் மேலாண்மை' எழுது, 'இளைஞர் கையில் நாளைய இந்தியா' எழுது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதை எழுத நம் கல்லூரியில் நாலு பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு கம்ப்யூட்டர் கேமைப் பற்றி. "இதெல்லாம் ஒரு சப்ஜெக்ட்டா?" என்று பின் பெஞ்சிலிருந்து வரும் குரல் எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

நாம் 'மிஷன்' என்று சொல்கிறோமே, அதற்கு இந்த வகை கேம்களில் 'க்வெஸ்ட்' என்று பெயர். யாரோ ஒருவர் உங்களிடம் ஒரு வேலை சொல்வார். நீங்கள் போய் முடித்துவிட்டு வருவீர்கள். காசோ கத்தியோ கிடைக்கும். அவ்வளவுதான் என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அந்த வேலையை எப்படிக் கொடுக்கிறார்கள், எத்தனை வழியில் முடிக்க விடுகிறார்கள், முடிக்காவிட்டால் என்ன ஆகிறது என்பதில்தான் ஒரு கேம் நிற்பதும் விழுவதும். ஃபிட்டிங் ஷாப்பில் நமக்கு ஒரு எம்.எஸ். பிளேட்டும் ஒரு டிராயிங்கும் கொடுக்கிறார்கள். டிராயிங் அளவை மட்டும் சொல்லும். முதலில் எந்தப் பக்கம் ராவுவது, எங்கே ஹேக்ஸா போடுவது என்பது நம் பாடு. நல்ல க்வெஸ்ட் அந்த டிராயிங் மாதிரி இருக்க வேண்டும். மோசமான க்வெஸ்ட், பக்கத்திலேயே நின்று "இப்ப அரத்த எடு, இப்ப வை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

நான் ஆடிய கேம் 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்'. செக் நாட்டின் பிராக் நகரில் உள்ள வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் செய்தது. 2014-ல் பொதுமக்களிடமே இணையத்தில் பணம் திரட்டினார்கள். 11 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. 2018 பிப்ரவரியில் கேம் வெளிவந்தது. எனக்குக் கிடைத்தது அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான். கொரட்டூரில் இருக்கும் நண்பன் வீட்டில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. கள்ளிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் போவேன். அவன் அம்மா போடும் உப்புமாவுக்காகப் போகிறேன் என்று என் வீட்டில் நினைத்தார்கள்.

கதை நடக்கும் வருஷம் 1403. இடம் பொஹீமியா. நான்காம் சார்லஸ் 1378-ல் இறந்தபின் அவர் மகன் நான்காம் வென்சஸ்லாஸ் ராஜா. மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி சிகிஸ்மண்ட் 1402-ல் அவரைச் சிறைப்பிடித்துவிட்டார். இது நிஜ சரித்திரம். இதில் டிராகன் கிடையாது, மந்திரம் கிடையாது. கதாநாயகன் ஹென்றி ராஜகுமாரனும் இல்லை. ஸ்காலிட்ஸ் என்ற வெள்ளிச் சுரங்க ஊரில் ஒரு கொல்லரின் மகன்.

முதல் க்வெஸ்ட்டே அப்பா சொல்லும் கடை வேலைகள்தான். மரக்கரி வாங்கி வா, கோட்டையிலிருந்து வாளுக்குக் குறுக்கே போடும் இரும்பை வாங்கி வா, வரும்போது குளிர்ந்த பீர் ஒன்று. அதோடு கூனேஷ் என்பவன் ஆணியும் கோடாலியும் வாங்கிக்கொண்டு காசு தரவில்லை, அதையும் வசூலித்து வா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் ஹெல்ப்பர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு அவர் சொல்லும் லிஸ்ட்டும் இப்படித்தான் இருக்கும், பீரைத் தவிர!

அந்தக் கூனேஷ் விஷயத்தைப் பாருங்கள். அவன் காசு தரமாட்டான், திட்டுவான். பேசிப் பார்க்கலாம். சண்டை போடலாம், நான் போட்டேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கூட்டாளிகளை அழைத்து வரலாம். ஆனால் அவர்கள் சும்மா வரமாட்டார்கள், முதலில் வேறொருவர் வீட்டுச் சுவரில் சாணி அடிக்கக் கூப்பிடுவார்கள். அல்லது அவன் வீட்டுக்குள் புகுந்து பெட்டியிலிருந்து சாமான்களைத் திருடிக்கொண்டு வரலாம். ஒரே கடனுக்கு இத்தனை வழி. எந்த வழி சரி என்று கேம் சொல்வதில்லை. இதுதான் இதன் முதல் பலம். இதை எழுதியவர்கள் உட்கார்ந்து 'ஒரு கெட்டிக்காரன் என்ன செய்வான், ஒரு முரடன் என்ன செய்வான், ஒரு சோம்பேறி என்ன செய்வான்' என்று ஒவ்வொன்றாக யோசித்திருக்கிறார்கள்.

அன்றைக்கே சிகிஸ்மண்டின் படை வந்து ஊரை எரிக்கிறது. அப்பா, அம்மா இருவரும் கண் முன்னால் சாகிறார்கள். மற்ற கேம்களில் இந்த இடத்தில் ஹீரோ வாளை உருவுவான். ஹென்றி ஓடுகிறான். ஓடத்தான் முடியும், அவனுக்குச் சண்டை தெரியாது. பிறகு பெற்றவர்களைப் புதைக்கத் திரும்பி வரும்போது, அப்பா கடைசியாகச் செய்த வாளையும் கொள்ளைக்காரன் ஒருவன் அடித்துப் பிடுங்கிக்கொள்கிறான்.

இரண்டாவது பலம், நேரம். 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' கேமை நம்மில் பலர் ஆடியிருப்போம். உலகத்தை அழிக்க டிராகன் வந்துவிட்டது என்பார்கள். நீங்கள் ஆறு மாதம் பூப்பறித்துக்கொண்டு திரிந்தாலும் டிராகன் பொறுமையாகக் காத்திருக்கும். இங்கே மெர்ஹோயெட் என்ற கிராமத்தில் ஜனங்களுக்கு நோய் வருகிறது. வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன செய்கிறது என்று பார்த்து, சசாவ் மடத்தில் இருக்கும் வைத்தியத் துறவியிடம் சொல்லி, மருந்து காய்ச்சி எடுத்துப் போக வேண்டும். நான் வழியில் வேறு வேலையில் இறங்கி, சாவகாசமாகத் திரும்பினேன். ஆட்கள் செத்துப் போயிருந்தார்கள். 'தோல்வி' என்று பெரிய எழுத்தில் வந்து கேம் நிற்கவில்லை. அவர்கள் இல்லாமலே கதை மேலே போயிற்று. அன்று சைக்கிள் மிதிக்கும்போது மனசு சரியில்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் பொம்மை ஜனங்கள்தான், தெரியும். ஆனாலும்.

நம் பக்கம் திரௌபதியம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு கூத்து பார்த்திருப்பீர்கள். பாசுபதம் வாங்கப் போகும் அர்ச்சுனன் உயரமான கம்பத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். மேலிருந்து பூவும் எலுமிச்சம்பழமும் எறிவார், கீழே பெண்கள் முந்தானை ஏந்துவார்கள். அவருக்கு அஸ்திரம் கிடைக்கும் என்று அங்கே நிற்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். பிறகு ஏன் விடிய விடியக் கூட்டம் நிற்கிறது? ஏறுவதைப் பார்க்கத்தான். ஒரேயடியாக உச்சியில் கொண்டுபோய் உட்காரவைத்தால் யார் நிற்பார்கள்? ஸ்கைரிமில் ஓரிரு மந்திரம் போட்டுவிட்டு மந்திரக் கல்லூரிக்கே தலைவராகிவிடலாம். ஹென்றிக்கு அந்தச் சலுகை இல்லை. வாள் பிடிக்கக் கற்க வேண்டும், பூட்டுத் திறக்கக் கற்க வேண்டும். அழுக்குச் சட்டையோடு போனால் பெரிய மனிதர்கள் மதித்துப் பேசமாட்டார்கள், குளித்துவிட்டுப் போக வேண்டும். (ஒர்க்‌ஷாப் யூனிஃபார்மோடு பேங்குக்குப் போன அனுபவம் உள்ளவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.)

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஒரு நாள் ஹென்றிக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. திறந்தேன். ஒரு வார்த்தையும் புரியவில்லை. எனக்கு இது புதிதல்ல. பத்தாவது வரை தமிழ் மீடியம். இந்த கேமில் எல்லாம் இங்கிலீஷ்தான், ஒவ்வொரு பேச்சையும் நிறுத்தி நிறுத்திப் படித்துத்தான் ஆடிக்கொண்டிருந்தேன். அதனால் இதுவும் என் இங்கிலீஷ் கோளாறு என்று நினைத்து, போனில் டிக்‌ஷனரியைத் திறந்து பத்து நிமிஷம் தேடினேன். நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"டேய் மச்சான், உனக்கு இல்லடா, ஹென்றிக்குத்தான் படிக்கத் தெரியாது!"

ஆமாம். எழுத்துகளை வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவன் கண்ணுக்குப் பக்கம் எப்படித் தெரியுமோ அப்படி. உஷிட்ஸ் என்ற ஊரில் ஓர் எழுத்தர் இருக்கிறார். காசு கொடுத்தால் கற்றுக்கொடுப்பார். அது ஒரு தனி க்வெஸ்ட். முடித்த பிறகும் எல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடாது. சில வார்த்தை நேராக இருக்கும், சில வார்த்தை கலைந்தே இருக்கும். படிக்கப் படிக்கத்தான் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தம் இடத்தில் வந்து உட்காரும். படிக்கத் தெரியாதவரை மருந்துக் குறிப்பும் விளங்காது, குத்துமதிப்பாகக் காய்ச்ச வேண்டியதுதான். முதல் செமஸ்டரில் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் புத்தகத்தைத் திறந்தபோது எனக்கு இருந்த நிலைமை இதேதான். ஆனால் எங்கள் வீட்டில் அதை யாரிடம் சொல்வது? நான்தான் முதல் ஆள்.

அந்தக் கலைந்த பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. நம்பர் தெரியும், அதை வைத்துத்தான் பஸ் ஏறுவார். ரேஷன் கடையில் கைநாட்டு.

"பாரும்மா, படிக்கத் தெரியாதவங்களுக்கு எப்படித் தெரியும்னு காட்டியிருக்காங்க, எவ்ளோ புதுசா யோசிச்சிருக்காங்க!"

அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல என்னடா புதுசு? எனக்கு எப்பவும் இப்படித்தான தெரியுது" என்றார். பிறகு, "அந்தப் பையன் கத்துக்கிட்டானா?" என்று கேட்டார்.

"கத்துக்கிட்டான்மா."

"எத்தன வயசுல?"

உன்னைவிடச் சின்னவன் என்று சொல்ல வாய் வரவில்லை. "பெரியவனாயிட்டுத்தான்" என்றேன்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டதால் குறையைச் சொல்லாமல் விட்டால் என்னை விசிறி என்பீர்கள். குறைகள் நிறையவே உண்டு.

பாதிக் கதைக்கு மேல் துப்புத் துலக்கும் வேலை. இந்த ஆளைக் கேள், அவர் அடுத்த ஊர் ஆளைக் கேட்கச் சொல்வார், அந்த ஆள் மூன்றாவது ஊருக்கு அனுப்புவார். ஒரு சான்றிதழுக்காக மேஜை மேஜையாக அலைந்த எனக்கு, இதைச் செய்ய கேம் எதற்கு என்றே தோன்றியது. வழியெல்லாம் குதிரைப் பயணம் வேறு.

சசாவ் மடத்தில் நடக்கும் க்வெஸ்ட் பெயர் பெற்றது. கொள்ளைக் கூட்டத்து ஆள் ஒருவன் துறவி வேஷத்தில் ஒளிந்திருக்கிறான். ஹென்றியும் இளந்துறவியாகச் சேர்ந்து, நான்கு பேரில் அவன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். காலையில் பிரார்த்தனை, பிறகு சாப்பாடு, நூலகத்தில் ஏடு படி எடுப்பது, மருந்து காய்ச்சுவது என்று மணிக்கணக்கு. நேரம் தவறினால் சிறை அறை. ஆளைக் கொல்வதா, தப்ப விடுவதா என்பதும் நம் கையில். யோசனை அபாரம். நம் ஹாஸ்டல் நண்பர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம், பழக்கப்பட்ட இடம்தான்! ஆனால் ஒரே நாள் மறுபடி மறுபடி. ஒரு தப்புச் செய்தால் எல்லாம் முதலிலிருந்து. 'போர் அடிக்கிற வாழ்க்கையைக் காட்டுகிறோம்' என்று ஆடுபவனையே போர் அடித்துவிட்டார்கள். சிலர் இதைத்தான் கேமின் உச்சம் என்கிறார்கள். எனக்கு இரண்டு ஞாயிறு போனதுதான் மிச்சம்.

விளையாட்டை இடையில் சேமிப்பதும் சுலபமில்லை. அதற்கென்று ஒரு சாராயம் குடிக்க வேண்டும், அல்லது சொந்தக் கட்டிலில் தூங்க வேண்டும். செய்த முடிவுக்குப் பயம் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் கேம் வந்த புதிதில் பிழைகள் மலிந்திருந்தன. நாம் தப்பே செய்யாமல் ஒரு மணி நேர ஆட்டம் போனால் அது நியாயமா? வெளியே வரும்போது சேமிக்கும் வசதியைப் பிறகுதான் சேர்த்தார்கள். எங்கள் ஏரியா கரண்ட் கட்டுக்கு அதுவும் உதவாது.

பணம் இன்னொரு கோளாறு. முதலில் ஒரு ரொட்டிக்குத் திண்டாடும் ஹென்றி, பாதிக் கதைக்குமேல் உடம்பெல்லாம் இரும்புக் கவசத்தோடு பணக்காரனாக நிற்கிறான். பிறகு எவன் வந்தாலும் பயமில்லை, கூலிக்கு வேலை செய்யவும் அவசியமில்லை. ஏழையாக இருக்கும்வரை ஒவ்வொரு க்வெஸ்ட்டும் முக்கியமாக இருந்தது. பெண்களுக்கும் இந்தக் கதையில் வேலை குறைவு. ஹென்றியைக் காப்பாற்றிய தெரசாவின் கதையைத் தனியாக 2019-ல் சேர்த்தார்கள். அது முதலிலேயே உள்ளே இருந்திருக்க வேண்டியது.

ஆனால் அம்மா ஒத்துக்கொள்ளாத குறை வேறு. ஞாயிறு இரவு சாப்பிடும்போது ஹென்றி கதையை விட்ட இடத்திலிருந்து சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. ஸ்லேட்டில் தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் போட்டுக்கொண்டே அம்மா கேட்பார். கடைசிக் க்வெஸ்ட் முடிந்த அன்று விஷயத்தைச் சொன்னேன். அப்பா செய்த வாள் கிடைக்கவில்லை. ஹென்றி குதிரையேறி வேறு ஊருக்குக் கிளம்புகிறான், அத்தோடு முடிந்தது.

"அதெப்படிடா முடியும்? அப்பன் செஞ்ச கத்தி?"

இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரியில் வந்துவிட்டது. நண்பன் கம்ப்யூட்டரில் அது ஓடாது, கிராபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டுமாம். அம்மா வாரா வாரம் கேட்கிறார், கத்தி கிடைத்ததா என்று.