மழை பெய்தால் முனகும் தொலைபேசி

காலை ஒன்பதரை. கோவை பீளமேட்டில் ஒரு பம்ப்செட் ஏஜென்சியின் மாடி. மேசைக்கு அடியில் மண்டியிட்டிருந்த லைன்மேன் அண்ணன் ரிசீவரை என் கையில் திணித்தார்.

"கேளுங்க, டயல் டோனுக்கு அடியில கேளுங்க!"

கேட்டேன். ங்ங்ங்ங் என்று அறுபடாத ஒரு முனகல். கோயில் திருவிழாவில் மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வருமே, அதே ஓசை. எனக்குச் சிலிர்த்துவிட்டது. இந்த வேட்டையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று எத்தனை நாளாக அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்!

அலுவலகம் ஃபைபருக்கு மாறி இரண்டு வாரம்தான் ஆகிறது. அதே எண், அதே போன்கள், அதே இன்டர்காம் பெட்டி. வரவேற்பில் இருக்கும் அக்காவுக்குத்தான் பாடு. "பழைய லைன்ல இப்படி இல்லீங்க. ஈரோட்டுக்காரரு ஆர்டர் சொன்னா, அஞ்சு எச்.பி.யா ஏழரை எச்.பி.யான்னு மூணு வாட்டி கேக்கறேனுங்க."

அண்ணன் முதலில் மோடத்துக்குப் பின்னால் இருந்த பச்சை முனையைக் கழற்றினார். தலைமுடி கனத்தில் ஒரே ஒரு கண்ணாடி இழை. அதன் வழியே 1490 நானோமீட்டர் ஒளி உள்ளே வருகிறது, 1310 நானோமீட்டர் ஒளி வெளியே போகிறது. எதிரெதிராக, ஒரே நேரத்தில், ஒன்றையொன்று இடிக்காமல்! இரண்டுமே நம் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பச்சை முனையின் நுனியை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்திருப்பார்களாம், பட்டுத் திரும்பும் ஒளி வந்த வழியே ஓடிவிடாமல் இருக்க. மீட்டரை வைத்துப் பார்த்தார். மைனஸ் 19. "நல்லா இருக்குங்க. இது குற்றவாளி இல்ல."

எப்படி அவ்வளவு உறுதி? அவர் சொன்னதைக் கேட்டு நான் துள்ளாத குறை. ஒளிக்கு மின்சார இரைச்சல் ஒட்டாது. கரன்ட் கம்பியோடு சேர்த்தே கட்டி வைத்தாலும் கண்ணாடி இழை அதைக் கண்டுகொள்ளாது. இழை மடங்கினாலோ முனையில் தூசி படிந்தாலோ பேச்சு வெட்டி வெட்டி வரும், அல்லது லைனே போய்விடும். முனகல் மட்டும் வராது. ஃபைபர் லைனில் முனகல் கேட்கிறது என்றால் கட்டிடத்துக்குள் எங்கோ செம்பு இருக்கிறது, அது பேசுகிறது.

மோடத்துக்குள் நம் குரல் படும் பாடு தனிக்கதை. நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட் எண்ணாக்கி, பெரும்பாலும் 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு "ஹலோ" சொல்லி முடிப்பதற்குள் இருபது பொட்டலமாவது கிளம்பியிருக்கும்!

அடுத்து அண்ணன் பையிலிருந்து ஒரு சாதாரண போனை எடுத்தார். மோடத்திலிருந்து சுவருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, போனை நேராக மோடத்தில் செருகினார். அந்த நிசப்தம்! டயல் டோன் கழுவி வைத்த மாதிரி வந்தது. ஒயரைப் பழையபடி சுவரில் செருகி, இன்டர்காம் பக்கம் போய்க் கேட்டோம். முனகல் திரும்பிவிட்டது.

சந்தேகம் முதலில் கீழ்த்தளத்து மோட்டார் மேல் விழுந்தது. பம்ப் ஓட்டிப் பார்க்கும் மேடை சரியாக நமக்குக் கீழே. ஓடினேன், நிறுத்தச் சொன்னேன். முனகல் அப்படியே. மோடத்தின் அடாப்டரை மாற்றினோம். அப்படியே.

அப்போதுதான் அக்கா, பில் புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே சொன்னார்: "மழை பேஞ்ச அன்னைக்குத்தானுங்க ரொம்ப."

அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் அந்தரத்தில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! முந்தின இரவு நல்ல மழை. கண்ணாடிக்கு மழை தெரியாது. மோடமோ அலமாரிக்குள் காய்ந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் நனைவது எது?

படிக்கட்டு ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடுக்கு அடியில், நிறம் போன ஒரு சின்ன ரொசெட் பெட்டி. மூடியைத் திறந்தார். பழைய லைன் இன்னும் திருகில் பத்திரமாக இருந்தது! தெருக்கம்பத்திலிருந்து வந்த கறுப்பு ஒயர், முனையெல்லாம் பச்சைக் களிம்பு, மேலே நீர்த்துளி. ஃபைபர் போட்டவர்கள் மோடத்தைச் சுவர் ஜாக்கில் செருகிவிட்டு, வெளி ஒயரைக் கழற்றாமலே போயிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் இந்த ஒயர் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். கரன்ட் போனாலும் போன் அடித்தது அதனால்தான். இப்போது அந்த வேலையை மோடமே செய்கிறது. பழைய ஒயரும் ஒட்டிக்கொண்டிருந்ததால், மோடம் தெருக்கம்பம் வரைக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது!

முனகலின் ரகசியம் இன்னும் அழகு. போன் லைன் இரண்டு கம்பி. ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும். போன் கேட்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் என்பதால் இரைச்சல் கழிந்துவிடும். கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிய யோசனை இது. ஆனால் ஒரு கம்பி மட்டும் ஈரத்தில் மண்ணோடு தொடர்பு கொண்டால் தராசு சாய்ந்துவிடுகிறது. சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும் அந்தச் சாய்வில் இறங்கிக் காதுக்கு வந்துவிடுகின்றன.

"நீங்க மேல போயி ரிசீவரை வெச்சுக் கேட்டுட்டே இருங்க," என்றார். ஒரே ஓட்டம். காதில் ங்ங்ங்ங். கீழே முதல் திருகு. மாற்றமில்லை. இரண்டாவது திருகு திரும்பும் கிறீச்சொலி ஜன்னல் வழியே கேட்டது, சட்டென்று... ஒன்றுமே இல்லை! யாரோ ஃபேனை நிறுத்திய பிறகுதான் அது இத்தனை நேரம் ஓடியது தெரிவது மாதிரி ஒரு அமைதி. "போயிருச்சு! போயிருச்சுங்கண்ணா!" என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன். அண்ணன் வெளி ஒயரை முழுசாக உருவி, வளையமாகச் சுற்றிக்கொண்டே சிரித்தார்.

பத்தே நிமிடத்தில் ஈரோட்டிலிருந்து அழைப்பு. அக்கா ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். அந்தப் பக்கம் மேசையில் யாரோ டீ கிளாஸ் வைத்த சத்தம்கூடத் துல்லியமாக விழுந்தது.

"ஏழரை எச்.பி., நாலு," என்றது குரல்.

அக்கா ஒரே தடவையில் எழுதிக்கொண்டார்.