கொல்லிப்பாவை முதல் அட்டகாளி வரை: அமானுடப் புனைவுகளில் தெய்வத்தின் இடமும் பார்வையாளர் விவாதமும்

ஆய்வுச்சுருக்கம்

அமானுடத் தன்மை கொண்ட தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய பார்வையாளர் விவாதம் பெரும்பாலும் ‘நிகழ்த்தியது தெய்வமா, மனிதனா’ என்னும் வினாவைச் சுற்றியே அமைகிறது. இவ்வினாவை மூடநம்பிக்கையின் வெளிப்பாடு என்றோ வெறும் பொழுதுபோக்கு என்றோ ஒதுக்குவது பொருந்தாது. கொல்லிமலைப் பாவையைப் பற்றிய சங்கப் பாடல்கள், அவற்றுக்கு எழுந்த உரைமரபு, ‘விடாது கருப்பு’ தொடர், ‘சுழல்’ தொடரின் அண்மைப் பருவம் ஆகியவற்றை ஒருசேர வைத்து நோக்கும் இக்கட்டுரை, தெய்வம் ஒரு படைப்பில் உவமையாகவோ காரணமாகவோ உடலில் இறங்கும் ஆற்றலாகவோ நிற்கலாம் என்றும், இவ்வேறுபாட்டை உணராமையே விவாதம் முடிவின்றி நீளக் காரணம் என்றும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிப்பாவை, மர்மதேசம், விடாது கருப்பு, சுழல், அணங்கு, மெய்ப்பாடு, பார்வையாளர் ஏற்பு.

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக விளங்குவது கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுவோர் அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாயகங்கை அருவியையும் எட்டுக்கை அம்மன் கோயிலையும் காண்பர். வல்வில் ஓரி ஆண்ட மலை, சித்தர்கள் உறைந்த மலை, சிரித்துக் கொல்லும் பாவை நிற்கும் மலை என்று பல வழக்காறுகள் இம்மலையின்மேல் படிந்துள்ளன. இவற்றுள் பாவை பற்றிய வழக்காறு நாம் எடுத்துக்கொண்ட சிக்கலுக்கு மிகப் பழைய சான்றாகும். பாவையை ஆக்கியவர் யார், அது காக்குமா கொல்லுமா என்னும் வினாக்களுக்குச் சங்கப் பாடல்களே ஒருமித்த விடை தரவில்லை. இன்றைய தொடர்களைப் பற்றிய விவாதத்தின் முன்வடிவை அங்கிருந்தே தொடங்கிக் காண்பது பயனுடையது.

1. சங்கப் பாடல்களில் பாவை

நற்றிணை 185, 192, 201, குறுந்தொகை 89, 100, அகநானூறு 62, 209 ஆகிய ஏழு பாடல்கள் கொல்லிப்பாவையைச் சுட்டுகின்றன. இவற்றுள் பாவையின் தோற்றம் பற்றிய செய்திகள் வேறுபடுகின்றன. நற்றிணை 185 அதனைத் தெய்வம் எழுதியதாகக் கூற, 192 பூதம் அமைத்ததாகக் கூறுகிறது. குறுந்தொகை 89-இல் பரணர் கரிய கண்ணையுடைய தெய்வம் மேற்குமலையில் எழுதியதாகப் பாடுகிறார். அகநானூறு 209-இல் கல்லாடனார், காரி ஓரியைக் கொன்று சேரர்க்கு அளித்த கொல்லியில் கடவுள் ஆக்கிய பாவை என்கிறார்.

பாவையின் இயல்பு பற்றிய குறிப்புகளும் அவ்வாறே வேறுபடுகின்றன. நற்றிணை 185-இல் தலைவியைப் பாவையோடு ஒப்பிடும் தலைவன், அவள் தன்னைக் கொல்ல எண்ணியதாக நோகிறான். 192-இலோ பாவை போன்ற அவள் நலனை நினைத்து வந்தால் அச்சம் தரும் மலைவழியும் தனக்குப் பாதுகாப்பாகும் என்கிறான். 201-இல் காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் நேர்ந்தாலும் வடிவம் கெடாத பாவைபோல அவள் தன் நெஞ்சைவிட்டு நீங்காள் என்கிறான். ஒரே பாவை கொலைக்கும் காவலுக்கும் நிலைபேற்றுக்கும் ஒப்புமையாகியிருப்பது கருதத்தக்கது.

இவ்வேறுபாடுகள் புலவர்க்கு இடர் விளைக்கவில்லை. ஏழு பாடல்களிலும் பாவை உவமையாகவே வருகிறது. எப்பாடலும் பாவையின் கதையைச் சொல்லவில்லை. கேட்போர் அக்கதையை முன்பே அறிந்திருந்தனர் என்பதை உவமையே உணர்த்துகிறது; அறியாத பொருளை உவமையாக்குவதில் பயனில்லை. தெய்வம் உவமையாக நிற்கும்போது அது உண்மையா என்னும் வினாவுக்குப் பாடலுக்குள் இடமில்லை. அதன் அச்சமும் அழகும் பொருளுக்கு ஏறினால் போதும்.

2. உவமையிலிருந்து காரணத்துக்கு

பிற்கால உரைமரபு இந்நிலையை மாற்றியது. உவமையின் பின்னணியை விளக்கும் கடமை உரையாசிரியருக்கு உண்டு. பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயரின் நற்றிணை உரை (1915), முனிவரை நலிய வரும் அரக்கரின் வாடை பட்ட அளவில் நகைத்து உயிர் போக்கும் பெண்வடிவப் பாவை என்னும் கதையைத் தருகிறது. பாடல்கள் தனித்தனியே விட்டுச்சென்ற கொலை, காவல், அழகு ஆகிய கூறுகள் இக்கதையில் ஒன்றாக இணைகின்றன. அரக்கரைக் கொல்வதால் முனிவரைக் காக்கிறது. அழகால் ஈர்ப்பதால் கொல்ல முடிகிறது. முரண் போலத் தோன்றியவற்றுக்கு ஒரு காரணகாரியத் தொடர்பு கிடைக்கிறது.

இவ்விணைப்பு நிகழ்ந்தவுடன் புதிய வினாக்கள் பிறக்கின்றன. வாடையை அறிந்து நகைக்கும் பாவை தெய்வமா, நுட்பமாக அமைக்கப்பெற்ற பொறியா? காற்றின் விசையால் இயங்கியதா? பாவையைப் பழந்தமிழரின் எந்திர அறிவுக்குச் சான்றாகக் காட்டுவோரும், எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையாகக் கருதி வழிபடுவோரும் இன்று ஒருங்கே உள்ளனர். இரு சாராரும் வேறுபட்டவர்போல் தோன்றினும், பாவையை உவமையினின்று எடுத்து நிகழ்வுகளுக்குக் காரணமாக நிறுத்துவதில் ஒன்றுபடுகின்றனர். அமானுடத் தொடர்களைப் பற்றிய விவாதம் இப்புள்ளியிலேயே தொடங்குகிறது.

3. விடாது கருப்பு: உடலில் இறங்கும் தெய்வம்

1990களின் பிற்பகுதியில் நாகா இயக்கத்தில் மின்பிம்பங்கள் நிறுவனம் உருவாக்கிய ‘மர்மதேசம்’ தொடர்வரிசை, தமிழ்த் தொலைக்காட்சியில் இவ்வகைப் புனைவுக்கு நிலையான இடத்தை அமைத்தது. இவ்வரிசையில் அடுத்தடுத்து வந்த தனித்தனிக் கதைகளுள் ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ ஆகிய இரண்டும் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதியவை. ‘விடாது கருப்பு’ அவருடைய ‘விட்டுவிடு கருப்பா’ என்னும் புதினத்தைத் தழுவியது.

இத்தொடரில் ஊரில் குற்றமிழைப்போர் தண்டிக்கப்படும்போது, அது குதிரையேறி வரும் கருப்பசாமியின் தீர்ப்பு என ஊரார் நம்புகின்றனர். கதை கடந்தகாலத்திலும் நிகழ்காலத்திலும் மாறிமாறி நகர்ந்து, இறுதியில் இராஜேந்திரன் என்னும் பாத்திரத்தின் பிளவுபட்ட ஆளுமையை விளக்கமாக முன்வைக்கிறது. இம்முடிவை ஒட்டிப் பார்வையாளரிடம் எழத்தக்க நிலைப்பாடுகளை மூன்றாக வகுக்கலாம். நிகழ்ந்தவை அனைத்தும் மனநோயின் விளைவு என்பது முதல் நிலைப்பாடு. மனநோய் என்பது மேற்பூச்சு. செய்வித்தது கருப்பே என்பது இரண்டாவது. இராஜேந்திரன் செய்தான், ஆயினும் அவன்வழிச் செய்தது கருப்பு என்பது மூன்றாவது.

பிரெஞ்சு மொழியில் எழுதிய திறனாய்வாளர் தோதரோவ் 1970இல் வெளியிட்ட நூலில், இவ்வகைப் புனைவின் உயிர் வாசகரின் தயக்கத்தில் இருப்பதாக வாதிட்டார். இயற்கை விளக்கம் வென்றால் படைப்பு ஒரு வகையிலும், அமானுட விளக்கம் வென்றால் மற்றொரு வகையிலும் சென்றடையும். தயக்கம் நீடிக்கும்வரையே அது தனிவகை. மேற்கூறிய முதல் இரு நிலைப்பாடுகளும் இவ்வரையறைக்குள் அடங்கும். மூன்றாவது அடங்காது. அதில் தயக்கமே இல்லை.

காரணம் தமிழகக் கிராமத் தெய்வ வழிபாட்டின் அமைப்பிலேயே உள்ளது. சாமியாடியின் மேல் தெய்வம் இறங்கும்போது, ஆடுபவர் யார் என்பது ஊரார் அனைவருக்கும் தெரியும். அவருடைய பெயர், தொழில், வயற்பரப்பு, பங்காளிச் சண்டை யாவும் தெரியும். ஆயினும் குறி சொல்லும் அந்நேரத்தில் அவரைச் சாமி என்றே விளித்துப் பணிகின்றனர். மனித உடல் என்பது தெய்வத்தை மறுக்கும் சான்றன்று. தெய்வம் வெளிப்படும் வாயில். ஆகவே ‘குதிரையில் வந்தவன் இராஜேந்திரன்’ என்னும் கண்டுபிடிப்பு மூன்றாம் நிலைப்பாட்டினரை அசைப்பதில்லை. மனிதனா தெய்வமா என்று பிரித்துக் கேட்பதே அவர்களுக்குப் பொருந்தா வினா.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அணங்கும் கள்வரும் ஒரே வரிசையில் வைக்கப்பெற்றிருப்பது நோக்கத்தக்கது. அஞ்சுவோரின் மெய்ப்பாட்டை இலக்கணம் ஆராய்கிறதேயன்றி, அஞ்சப்படுவதன் உண்மையை ஆராயவில்லை. ‘விடாது கருப்பு’ தொடரின் அச்சம் அணங்கில் தொடங்கி மனிதக் குற்றத்துக்கு நகர்கிறது. தண்டிக்கும் அதிகாரம் யாருடையது என்னும் இறைபற்றிய அச்சத்தையும் தொடுகிறது. பார்வையாளர் விவாதம் இந்நிலைக்களன்களுள் எது முதன்மையானது என்பது பற்றியதே எனலாம்.

4. சுழல்: மீண்டும் உவமை

புஷ்கர்–காயத்ரி இணையர் உருவாக்கி அமேசான் பிரைம் தளத்தில் வெளியான ‘சுழல்’ தொடர் வேறு வழியை மேற்கொள்கிறது. இதன் முதற்பருவம் 2022 ஜூன் 17 அன்று வெளிவந்தது. சிறுமி ஒருத்தி காணாமற்போனதைப் பற்றிய புலனாய்வு, ஊர்த் திருவிழாவாகிய மயானக்கொள்ளையோடு பின்னிச் செல்கிறது. 2025 பிப்ரவரி 28 அன்று வெளிவந்த இரண்டாம் பருவம் காளிப்பட்டினம் என்னும் கற்பனை ஊரில் அட்டகாளித் திருவிழாவைக் களமாகக் கொள்கிறது. வழக்கறிஞர் ஒருவரின் கொலையைத் தாமே செய்ததாக இளம்பெண்கள் எண்மர் சரணடைகின்றனர். காளியர் எண்மர், பெண்கள் எண்மர் என்னும் ஒப்புமையின்மேல் கதை கட்டப்பட்டுள்ளது.

இங்குத் தெய்வம் எதையும் நிகழ்த்துவதில்லை. கொலையும் புலனாய்வும் மனித எல்லைக்குள்ளேயே நிகழ்கின்றன. எனவே இப்பருவத்தைக் கண்டிப்பாக அமானுடத் தொடர் என வகைப்படுத்த இயலாது. எனினும் திருவிழாவின் கொட்டும் வேடமும் பெண்களின் செயலுக்குத் தெய்வச் சினத்தின் சாயலை ஏற்றுகின்றன. சங்கப் புலவர் தலைவிக்குப் பாவையை உவமையாக்கியதற்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு மிகக் குறைவு. இதன் விளைவாக விவாதத்தின் வினாவும் மாறுகிறது. ‘காளி செய்தாளா’ என்று கேட்க இடமில்லை. ‘இந்த ஒப்புமை பொருந்துகிறதா, வலிந்து பொருத்தப்பட்டதா’ என்றே கேட்க முடியும். முதற்பருவத்தில் விழா கதையோடு இயைந்தது, இரண்டாம் பருவத்தில் அலங்காரமாகிவிட்டது என ஒருவர் குறைகூறலாம். ஒப்புமை வெளிப்படையானதால் வலுப்பெற்றது என மற்றொருவர் மறுக்கலாம். இரண்டுமே உவமையின் தகுதி பற்றிய திறனாய்வுகள்.

5. காத்திருப்பும் விவாதமும்

வெளியீட்டு முறையும் விவாதத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ‘விடாது கருப்பு’ வாரந்தோறும் ஒளிபரப்பானது. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடைப்பட்ட நாள்களில் பள்ளி, தேநீர்க்கடை, அலுவலகம் எனப் பேச இடங்கள் பல இருந்தன. அனைவரும் ஒரே அளவு அறிந்திருந்தனர். அனைவரும் ஒரே அளவு அறியாதிருந்தனர். ஆகவே பேச்சு ஊகமாக அமைந்தது. ‘சுழல்’ தொடரின் ஒவ்வொரு பருவமும் முழுமையாக ஒரே நாளில் வெளியாயிற்று. முடிவை அறிந்தவரும் அறியாதவரும் ஒரே அவையில் பேச இயலாமையால், விவாதம் ஊகத்தினின்று மதிப்பீட்டுக்கு நகர்கிறது.

2024ஆம் ஆண்டின் இறுதியில் இரு நிகழ்வுகள் பழைய ஒப்பீட்டுக்கு மீண்டும் இடமளித்தன. நாகா இயக்கிய ‘ஐந்தாம் வேதம்’ அக்டோபர் 25 அன்று ஜீ5 தளத்தில் வெளியானது. நவம்பர் 10 அன்று இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தார். புதிய தொடரைப் பழைய தொடரோடு ஒப்பிடுவோர், கதையின் தரத்தோடு, வாரம் முழுதும் காத்திருந்த தம் அனுபவத்தையும் சேர்த்தே அளக்கின்றனர் என்பதை ஆய்வாளர் நினைவிற்கொள்ள வேண்டும்.

6. மர்மமும் மலைமக்களும்

தெய்வத்தின் இடத்தைப் பிரித்தறிவது வகைப்பாட்டு ஆர்வத்தோடு முடிவதன்று. கொல்லிமலை மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலை. சாமை, தினை, கேழ்வரகு ஆகிய சிறுதானியங்கள் விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவிய மாற்றம், பாரம்பரிய விதைகளைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மக்களோடு மேற்கொண்ட பணிகள் ஆகியவை இம்மலையின் அண்மைக்கால வரலாறு. கல்லாடனார் பாவையைக் குறிப்பிடும் அதே பாடலில் கொல்லியின் பலாவளத்தையும் குறிப்பிடுகிறார். வியப்பும் விளைச்சலும் அவருக்கு ஒரே மலையின் இரு கூறுகள்.

மர்மத்தை மட்டும் பிரித்தெடுக்கும் காட்சிமரபில் விளைச்சல் மறைகிறது. பாவை நிகழ்வுகளுக்குக் காரணமாகிவிட்டால், மலை ஒரு புதிராகவும் மக்கள் அப்புதிரின் காவலராகவும் சுருங்கிவிடுகின்றனர். மருந்துச் செடி பற்றிய அவர்தம் பட்டறிவு சித்தர் மறைபொருளாகவும், வழிபாடு அச்சுறுத்தும் சடங்காகவும் காட்டப்பெறும். உவமையாக நிற்கும் தெய்வம் இத்தகைய சுருக்கத்தைக் கோருவதில்லை. உடலில் இறங்கும் தெய்வமும் கோருவதில்லை. ஏனெனில் அங்கே ஆடுபவரும் பணிபவரும் பெயரும் ஊரும் உடையவர்கள்.

முடிவுரை

கொல்லிப்பாவையைப் பாடிய புலவர் தெய்வத்தை உவமையாக்கினர்; உரைமரபு அதற்குக் கதையும் காரணமும் அளித்தது. ‘விடாது கருப்பு’ மனநோய் என்னும் காரணத்தை முன்வைத்தபோதும், சாமியாட்ட மரபை அறிந்த பார்வையாளர் அதனை உடல்வழி வெளிப்பாடாக ஏற்க இடம் இருந்தது. ‘சுழல்’ இரண்டாம் பருவம் தெய்வத்தை மீண்டும் உவமையாக்கியது. ஒவ்வொரு நிலையிலும் புதிய விளக்கம் பழையதை நீக்கவில்லை. அதன் அருகே அமர்ந்தது. ஆகவே ஒரு தொடரைப் பற்றி ‘தெய்வமா, மனிதனா’ என வாதிடுவோரிடம் எச்சார்பு சரி என்று தீர்ப்புரைப்பதைவிட, அத்தொடரில் தெய்வம் எந்நிலையில் நிற்கிறது, வாதிடுவோர் எந்நிலையில் நிறுத்துகின்றனர் என்று ஆராய்வதே பயன்தரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டில்தான் பார்வையாளரின் பண்பாட்டறிவு புலப்படுகிறது. வட்டார அளவில், குறிப்பாகத் தம் மலையையும் தம் தெய்வத்தையும் திரையில் காணும் மக்களிடையே, இவ்வாய்வு விரிவாக நிகழ்த்தப்பட வேண்டும்.